சுகந்தி கேட்ட கேள்வி

இரண்டாம் வகுப்புச் சுவரில் தொங்கிய விலங்குப் படச் சார்ட்டில், பக்கவாட்டில் திரும்பி நின்ற யானைக்கு அன்றைக்கு மனசே ஆறவில்லை.

டீச்சர் குச்சியால் அதைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டதும் பிள்ளைகள் எல்லாம் "யானை" என்று கத்தினார்கள். சுகந்தி மட்டும் எழுந்து, "இதோட இன்னொரு கண்ணு எங்க டீச்சர்?" என்றாள். அதே குச்சி அவள் உள்ளங்கையில் சுளீரென்று விழுந்தது.

மணியடித்து வகுப்பு காலியானதும், மேசைமேல் கிடந்த குச்சியை யானை பிடிபிடியென்று பிடித்தது.

"ஏன்டா, நீ உருப்படுவியா? இத்தனை வருஷத்துல என்னை நல்லாப் பார்த்து விசாரிச்ச ஒரே பிள்ளை அது. அதைப் போயா அடிச்சே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம எதிர்க்கேள்வி கேட்டா வேற என்ன செய்யிறதாம்? நான் இல்லேன்னா உன்னை ஒருத்தரும் சீந்த மாட்டாங்க. நாளைக்குப் பாரு, எப்படிக் கவனிக்கிறாங்கன்னு."

மறுநாள் குச்சி யானையின் நெற்றியைத் தொட்டது. எல்லோரோடும் சேர்ந்து சுகந்தியும் "யானை" என்றாள்.

"பார்த்தியா, கண்ணை எடுக்காம பார்க்கிறா" என்று குச்சி கிசுகிசுத்தது.

"பார்க்கிறாதான்" என்றது யானை. "என்னை இல்லடா பாவி, உன்னை."