வீடு பார்க்க வந்தவள்

மாதக் கடைசிக்குள் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். சகாயமேரி காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஓரிடத்தில் வாடகை அவள் சம்பளத்தையே தாண்டியது. இன்னோரிடத்தில் மூன்று பிள்ளைகள் என்றதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மத்தியானம் ஒரு வீட்டுக்காரம்மா மாடி அறையைத் திறந்துவிட்டு, "பாத்துக்கிட்டு இரும்மா, அடுப்புல குழம்பு கொதிக்குது" என்று கீழே இறங்கிப் போனாள். வாடகையை இன்னும் சொல்லவில்லை.

வெறும் அறை. ஜன்னல் வழியே வேப்பமரத்துக் காற்று வந்தது. சகாயமேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாயை எங்கே விரிப்பது, பெரியவள் எந்த மூலையில் படிப்பாள் என்று நினைக்க நினைக்க அறை நிரம்பிக்கொண்டே வந்தது. கொடியில் துணிகள் அசைந்தன. கடைக்குட்டி குளித்த ஈரத்தோடு ஓடிவந்து மடியில் விழுந்தான். தரை குளுகுளுவென்றிருந்தது. எப்போது படுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "வீடு காலியா இருக்குன்னாங்க, பாக்கலாமா?" என்றது ஓர் ஆண்குரல்.

"மெதுவாப் பேசுங்க," என்றாள் வீட்டுக்காரம்மா. "உள்ள ஆள் தூங்குறாங்க."

சகாயமேரிக்கு விழிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.