அறுத்தவன்

“நீயெல்லாம் ஒரு மனுசனாடா? உனக்குக் கெடைக்காத கப்பு தம்பிக்குக் கெடைச்சிடும்னு வயிறு எரிஞ்சுதா?”

நாகையா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு இராஜம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

எதிரே மூத்த மகன் விஜயன். கையில் இரும்பறுக்கும் ரம்பம். காலடியில் தம்பி ஜெயராஜின் ரேஸ் சைக்கிள். அதன் கீழ்க்குழாய் இரண்டு துண்டாகிக் கிடந்தது.

விடிந்தால் கிள்ளானில் பந்தயம்.

கடையில் வாங்கிய சைக்கிள் இல்லை அது. பெட்டாலிங் ஜெயாவில் விமான பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நாகையா சூப்பர்வைசர். அங்கே கழித்துப்போட்ட கார்பன் குழாய்களைக் கேட்டு வாங்கி வந்து, அலுமினிய மூட்டுகளில் செருகி, எப்பாக்சி பசை போட்டு அவரே ஒட்டிய சட்டம். வெல்டிங் கிடையாது, ஓர் ஆணி கிடையாது.

“பிளேனையே இப்படித்தான் ஒட்டுறோம்லா!” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே அறுத்த?” ஜெயராஜ் அழுதான்.

“தோணுச்சு. அறுத்தேன்.”

“வெளிய போடா! இனிமே இந்த வீட்டுப் பக்கமே வராத!” என்றார் நாகையா.

விஜயன் போய்விட்டான். ஜொகூரில் ஏதோ பட்டறையில் வேலை என்று கேள்வி. அவன் கல்யாணத்துக்குத் தாய் தங்கமணி மட்டும் பஸ் ஏறிப் போய் வந்தாள். ஜெயராஜ் அண்ணன் பேச்சையே எடுப்பதில்லை.

வருடங்கள் ஓடின; நாகையா ஓய்வு பெற்றார். சும்மா இருக்க முடியாமல், ஒருநாள் அந்தச் சட்டத்தை வெளியே எடுத்தார். அறுபட்ட குழாயைச் சேர்ப்பது அவருக்குப் பெரிய வேலையில்லை. உள்ளே சின்னக் குழாய் ஒன்றைச் செருகி, மேலே கார்பன் துணியைப் பசையோடு சுற்றினால் போதும்.

சட்டத்தைத் தூக்கித் திருப்பினார். ஹேண்டில் பக்கத்து மூட்டிலிருந்து மேல்குழாய் தானாக உருவிக்கொண்டு வந்தது.

அங்கே யாரும் அறுக்கவில்லை.

குழாய் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பசை முழுக்க மூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டிருந்தது. குழாயில் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்தது.

ஒட்டுவதற்கு முன்னால் சேண்ட்பேப்பர் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். அதை மறந்த ஆட்களைத் தொழிற்சாலையில் அவர் திட்டாத திட்டில்லை. பந்தயத்துக்குள் முடிக்கும் அவசரத்தில், இந்த முனையை அவரே விட்டிருக்கிறார்.

இறக்கத்தில் பறக்கும்போது இது கழன்றிருந்தால்...



“தங்கம்! இங்க வா. இது... விஜயனுக்குத் தெரியுமா?”

தங்கமணி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“அன்னிக்குச் சாயங்காலம் அவன் சைக்கிளத் தொடைக்கும்போதே அந்த மூட்டு ஆடுச்சாம்.”

“அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே! இத்தனை வருசம் நீயும் வாயத் தொறக்கலியே?”

“என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். ‘அப்பா ஒட்டினது தம்பியக் கொன்னிருக்கும்னு தெரிஞ்சா, அந்த மனுசன் அப்புறம் தூங்குவாராம்மா? நான் பொறாமைக்காரனாவே இருந்துட்டுப் போறேன்’னு சொன்னான்.”