சிவப்புக் காருக்கு எந்த ஆயில்?

"சிந்தெடிக் ஆயில் ஊத்துனீன்னா நாளைக்கே எஞ்சின் ஒழுகும். எழுதி வெச்சுக்க கண்ணு!" என்றார் ஜேசுதாஸ்.

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மெக்கானிக் பொன்னுவேல், எழுதி வைத்துக்கொள்ள வசதி இல்லாததால், "சரிங்க" என்று மட்டும் சொன்னான்.

மலைமேல், வாழவந்தி சாலையில் பத்து வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறான். அங்கே வருவதெல்லாம் எஸ்டேட் ஜீப்பும் ஹேண்டில் கோணிய டூவீலரும்தான். இன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்! இரண்டே சீட்டு, ரத்தச் சிவப்பு, வயது எப்படியும் ஐம்பதைத் தாண்டும். மூன்று மணிக்கு ஏரிக்கரையில் நடக்கும் பழைய கார் அணிவகுப்புக்காக முன்கண்ணாடியில் ஏழாம் நம்பர் ஒட்டியிருந்தது.

பானெட்டைத் திறந்து, இரண்டு பேர் உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதி ரிட்டயரான ரைட்டர் ஜேசுதாஸ். கூலிங் கிளாஸ் போட்ட இன்னொருவர், தன் பெயர் சிவக்குமார் என்றும், சேலத்திலிருந்து வந்திருப்பதாகவும் சொன்னார்.

"ஆயில் கன்னங்கரேல்னு கெடக்குது. மொதல்ல அதை எறக்கு கண்ணு" என்றார் ஜேசுதாஸ்.

பொன்னுவேல் சிவக்குமாரைப் பார்த்தான். அவர் கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எறக்கிருங்க" என்றார். உடனே காருக்கு அடியில் படுத்து, ஆயில் இறக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டான். பழைய ஆயில் முழுக்கக் கீழே வைத்த தொட்டிக்கு வந்து அரை மணி நேரமாகிறது. புதிதாக எதை ஊற்றுவது என்பதில்தான் தகராறு.

இந்தக் கார் மட்டும் ஏரிக்கரையை ஒழுங்காக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், மலைக்கு வருகிற பெரிய வண்டியெல்லாம் இனி அவனிடம்தான் நிற்கும். நடுவழியில் புகைந்து நின்றாலோ, ஜீப்காரன்கூட எட்டிப் பார்க்கமாட்டான். பொன்னுவேல் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, இரண்டு வகை ஆயில் டப்பாவையும் எடுத்து வைத்தான்.

"ஏனுங்க, இது அந்தக் காலத்து எஞ்சின்" என்றார் ஜேசுதாஸ். "சீலெல்லாம் பழசு. சிந்தெடிக் தண்ணியாட்டம் இருக்கும், இண்டு இடுக்கெல்லாம் பூந்து வெளிய வந்துரும். சாதா மினரல் ஆயில்தானுங்க இதுக்கு மருந்து. எங்க எஸ்டேட்டு மேனேஜரு கார அப்புடித்தான் முப்பது வருசம் ஓட்டுனாரு."

"காலம் மாறிப்போச்சுங்க" என்று சிவக்குமார் செல்போனை நீட்டினார். அதில் ஒரு வெள்ளைக்காரர் ஆயில் புட்டியும் கையுமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார். "இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த எஞ்சின். அந்தச் சூட்டுக்கு சாதா ஆயில் கருகிப்போகும். சிந்தெடிக்தான் தாங்கும். இவரை இருபது லட்சம் பேர் பாக்கறாங்க தெரியுமுங்களா?"

"அந்த இருபது லட்சம் பேர்ல ஒருத்தனாவது கார் வெச்சிருக்கானுங்களா?"

எதிர் டீக்கடை மரியபுஷ்பம் இரண்டு டம்ளரோடு வந்தாள். "பொன்னு, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்..."

"அக்கா, பெரியவங்க பேசறாங்கல்ல" என்றான் பொன்னுவேல்.

"பொம்பளைங்களுக்கு ஆயிலப் பத்தி என்னம்மா தெரியும்? டீய வெச்சுட்டுப் போங்க" என்றார் ஜேசுதாஸ். சிவக்குமார் அதை மட்டும் மறுக்கவில்லை. மரியபுஷ்பம் டம்ளர்களை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

மணி இரண்டே முக்கால். ஏரிப் பக்கம் மைக்கில் கார்களை வரிசைக்கு அழைப்பது கேட்டது. ஒரு கையில் மினரல் டப்பா, ஒரு கையில் சிந்தெடிக் டப்பாவோடு பொன்னுவேல் கெஞ்சினான்.

"நொம்ப நேரமாச்சுங்க. பேசாம ரெண்டுலயும் பாதிப் பாதி ஊத்திரட்டுங்களா?"

"கலப்படமா!" இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அரை மணி நேரத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"வண்டின்னா கொழந்தை மாதிரிங்க. வாய்க்கு வந்ததையா ஊத்துவாங்க?" என்று காரின் கதவைத் தடவிக் கொடுத்தார் சிவக்குமார். ஜேசுதாஸ் தோள் துண்டால் ஹெட்லைட்டைத் துடைத்தார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் கோத்திருந்தது. ஒரு காரை மனிதர்கள் இப்படியும் நேசிப்பார்களா என்று பொன்னுவேலுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"சரிங்க, விட்டுக் குடுக்கறேன். உங்க இஷ்டம்" என்றார் சிவக்குமார் திடீரென்று.

"அய்யய்யோ, அது மொறையில்லீங்க. நீங்க சொல்றதே ஆகட்டும்" என்றார் ஜேசுதாஸ்.

"இல்லீங்க, நீங்கதான் சொல்லோணும்."

"நீங்க சொல்லுங்க, நான் ஊத்தச் சொல்றேன்."

அடுத்த சண்டை இதில் ஆரம்பிக்கும் போலிருந்தது. அதற்குள் டீக்கடைப் பக்கமிருந்து, கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் வேகமாக வந்தார். திறந்த பானெட்டையும் நிரம்பிய தொட்டியையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பின் டயருக்குக் காத்தடிச்சு வைக்கத்தானே டீக்கடைக்கார அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனேன், என் காரை என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

பொன்னுவேல் திகைத்துத் திரும்பினான். சிவக்குமாரின் விரல் ஜேசுதாஸையும், ஜேசுதாஸின் விரல் சிவக்குமாரையும் காட்டிக்கொண்டிருந்தன. "இவருதுன்னுல்ல நெனச்சேன்!" என்றார்கள் இரண்டு பேரும்.