பதினேழாவது குப்பி

துறைத் தலைவர் அறிக்கையை மேசைமேல் விட்டெறிந்தார்.

"எட்டு வருஷமா இதைத்தான் கிழிச்சியா? ரத்தத்தை வெச்சே வயித்துப் புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்கிறாளாம்!"

ஆய்வுக்கூடமே தலையைக் குனிந்துகொண்டது. அறிக்கையை எழுதிய டாக்டரம்மாவுக்குக் காது சுட்டது. இந்த மனுஷன் நாசமாகப் போகமாட்டானா என்று மனசுக்குள் கருவினாள்.

தலைவர் வழக்கம்போல் நெஞ்செரிச்சல் மாத்திரை ஒன்றை வாயில் போட்டு மென்றார்.

"நீ சோதிச்ச ரத்தக் குப்பிகள்ல அந்தப் பதினேழாவது குப்பி நோயாளியோடது இல்லை. உன் வண்டவாளம் தெரியணும்னு நான் வேணும்னே நடுவுல வெச்சது. அதுக்கும் புற்றுநோய்னு எழுதியிருக்கே!"

"மறுபடி மறுபடி பார்த்தேன் சார். அதேதான் வந்தது."

"மூக்கு உடைஞ்சும் திமிர் அடங்கலை பார்! கல்லு மாதிரி இருக்கிற ஆளும்மா அது!"

"அவருக்கு ஒண்ணுமில்லைன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? அது என் ரத்தம்!"

தலைவர் வெற்றிக் களிப்பில் ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் இன்னொரு மாத்திரையைப் பிரித்தார்.

டாக்டரம்மா அந்த மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க சார். உள்ளே கேமரா விட்டுப் பார்த்துடலாம்."