தவளையின் பங்களிப்பு

வற்றிப்போன குளத்தின் நடுவே ஒரே ஒரு குட்டை மிச்சமிருந்தது. அதில் நெளிந்த தன் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைக்கும்வரை தண்ணீர் தாங்குமா என்று தவளை கவலையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நரித் தலைவர் கொத்தனார் குரங்கோடு வந்தார்.

"தவளையக்கா, குளம் தூர்வார அரசாங்க மானியம் வந்தாச்சு. எல்லாரையும் சேர்த்துக்கிட்டுச் செய்யணுமாம். உங்களை விட்டுட்டுச் செய்வோமா?"

தவளை ஒரே தாவலில் அவர் முன்னால் வந்து நின்றது. இதுவரை எந்தத் திட்டத்திலும் அதை யாரும் சேர்த்ததில்லை.

"நான் என்ன தரணும், தலைவரே? எங்கிட்ட ஒண்ணுமில்லையே!"

"பொதுமக்கள் பங்களிப்புன்னு ஏதாவது காட்டணும். நீங்க சரின்னு சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்."

"சரி" என்றது தவளை, நெஞ்சு நிமிர்ந்து.

குரங்கு உடனே குட்டையில் வாளியை விட்டது. முதல் வேலை பெயர்ப்பலகை. சிமென்ட் குழைக்கத் தண்ணீர் வேண்டுமே!

சாயங்காலம் 'நீரே உயிர்' என்ற பலகை கம்பீரமாக நின்றது. பங்களித்தவர்களில் தவளையின் பெயர்தான் முதலில் இருந்தது. தவளை காய்ந்த குட்டையைச் சுற்றிச் சுற்றித் தேடியது.

"தலைவரே, என் பிள்ளைங்க?"

நரி பலகையின் சிமென்ட் தூணை அன்பாகத் தட்டினார்.

"உள்ளேதான் இருக்காங்க, அக்கா. யாரையும் விட்டுடக் கூடாதுன்னு மேலிடத்துல கண்டிப்பா சொல்லியிருக்காங்க."