ஒரு வாய் போதும்

கட்டிலும் அடுப்புமாக வீடு போல இருந்த ஒரு கேரவனில், விளக்குகளுக்குச் சோறு போடுவது பேட்டரி அண்ணாச்சிதான். குண்டு பல்பைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

“ஒருத்தன் தின்கிற தீனியா இது? பாதியைச் சூடாக்கியே வீணடிக்கிறானே!”

ஒருநாள் வண்டிக்காரர் குண்டு பல்பைக் கழற்றி, சீட்டுக்கு அடியிலிருந்த பெட்டியில் போட்டுவிட்டு, எல்.இ.டி. விளக்கை மாட்டினார்.

“எனக்கு ஒரு வாய் போதும் அண்ணாச்சி” என்றது அது. அண்ணாச்சி உருகிப்போனார்.

வண்டிக்காரருக்கும் குஷி. “இதுதான் கரண்டே இழுக்காதே!” என்று படியில் ஒன்று, கட்டிலுக்கடியில் ஒன்று, அலமாரிக்குள் ஒன்று என மாட்டிக்கொண்டே போனார். கூரையோரம் நீலமும் சிவப்புமாக ஒரு குடும்பமே வந்து இறங்கியது. பகலில்கூட யாரும் அணைப்பதில்லை.

“ஒரு வாய் போதும் அண்ணாச்சி” என்றன எல்லாம் ஒரே குரலில். இவ்வளவு அடக்கமாகக் கேட்கிற பிள்ளைகளிடம் இல்லையென்று எப்படிச் சொல்வார்?

ஒரு சாயங்காலம் வண்டியே இருண்டுபோனது.

“இத்துனூண்டு விளக்குக்கே தாங்கலையே, பேட்டரி செத்துப்போச்சு” என்று சலித்துக்கொண்ட வண்டிக்காரர், அண்ணாச்சியைக் கழற்றி அதே பெட்டியில் வைத்தார்.

உள்ளே குண்டு பல்பு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

“வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டீங்களா?”