ஆறாவது உள்ளங்கை

கலாதேவிக்கும் அவள் தம்பி தங்கைகள் நால்வருக்கும் உள்ளங்கைத் தோல் சொரசொரப்பாகத் தடித்திருக்கும், பரம்பரையாக வருவது. அதை ஆராயும் ஆர்த்திகா, காம்பார் பல்கலைக்கழகத்திலிருந்து ஒளிப்பூச்சு பூசிய பலகையோடு ஈப்போ வீட்டுக்கு வந்தாள். கையை அழுத்தினால் தடம் ஒளிரும், எடுத்தால் அணைந்துவிடும்.

ஐவரும் கேலியும் சிரிப்புமாகக் கை பதித்து எடுத்தார்கள். ஐந்து தடங்களும் அணைந்தன. ஆறாவதாக ஒரு குட்டி உள்ளங்கை ஒளிர்ந்துகொண்டே இருந்தது.

"பூச்சுல ஏதோ கோளாறுக்கா," என்றாள் ஆர்த்திகா.

"இல்லலா, அது எங்க கடைக்குட்டி செல்லாயி. ஏழு வயசுல தவறிட்டா. விளையாட்டுன்னா ஓடி வந்துருவா," என்று சிரித்தாள் கலாதேவி. "அவளையும் எழுதிக்கம்மா."

குறிப்பேட்டில் ஐந்தை அடித்துவிட்டு ஆறு என்று எழுதிக்கொண்டு ஆர்த்திகா கிளம்பினாள். வாசலைத் தாண்டி வெளிக்கேட்டை நோக்கி நடக்கையில், சொரசொரப்பான சின்னக் கை ஒன்று அவள் விரலைப் பற்றிக்கொண்டது.

பின்னாலிருந்து கலாதேவி குரல் கொடுத்தாள்: "செல்லாயி, கேட்டு வரைக்குந்தான்லா!"